லைட் வாங்கச் சொல்வதற்கு முன் தொட்டியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் (கோரல்) வளர்க்கிற நம் ஆட்களின் ஞாயிற்றுக்கிழமை ஓசூர் சந்திப்பில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் காவேரிப்பட்டணத்துத் தம்பி நேற்று இரவு போன் செய்து, "தொட்டியை யாருக்காவது குடுத்துடலாம்னு இருக்கேண்ணா" என்று சொன்னதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அவன் தன் தொட்டியில் இருக்கிற மென்பவளங்களின் போட்டோவைப் போனில் காட்டி, ஜோவா எல்லாம் வெளுத்துப் போகிறது, மஷ்ரூம் சுருங்கிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டான். ஒருவர் வாட்ஸ் பத்தாது என்றார். இன்னொருவர் கம்பெனி சரியில்லை என்றார். பெரிய லைட்டாக வாங்கச் சொன்னார்கள், அவன் வாங்க முடியாது என்றான். அப்புறம் நாம் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் அவர், "லைட்டுக்கே இவ்வளவு கணக்குப் பார்த்தா இந்த ஹாபி ஆகாது தம்பி, தங்கமீன் வாங்கி வளர்த்துக்கோ" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தொட்டியில் என்ன வைத்திருக்கிறாய், லைட் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, எத்தனை மணி நேரம் எரிகிறது என்று நான் கேட்டேன். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு புது மாடலின் விலைக்குப் போய்விட்டது.

அடுத்த நாள் சாயங்காலம், கோரலுக்குப் பயன்படுகிற ஒளியை அளக்கும் பார் (PAR) மீட்டரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டடித் தொட்டி. ஜோவா, மஷ்ரூம், லெதர் என்ற இன்னொரு மென்பவளம், அவ்வளவுதான். லைட் தண்ணீருக்கு அரையடி மேலே தொங்குகிறது, எல்லா நிறமும் நூறு சதவீதம், பன்னிரண்டு மணி நேரம். பாறை உச்சியில் இருந்த மஷ்ரூம் பக்கத்தில் அளந்தால் பார் அளவு 300-ஐத் தாண்டுகிறது. மஷ்ரூமுக்கு 50, 60 இருந்தாலே நிம்மதியாக விரியும். ஜோவாவும் லெதரும் 100, 150-க்குள் நன்றாக வளரும். வெளிச்சம் அதிகமாகி வெந்துகொண்டிருந்த தொட்டிக்கு இன்னும் பெரிய லைட் வாங்கச் சொல்லியிருக்கிறோம். மறுபடியும் சொல்கிறேன், இருக்கிற வெளிச்சமே பல மடங்கு அதிகம், அதற்கு மேலே இன்னொன்று வாங்கச் சொன்னோம். வாங்க முடியாது என்றதும் சிரித்தோம்.

கோரலின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. லைட் அந்தப் பாசிக்காகத்தான். அது ஒளியில் சமைக்கிற உணவில்தான் கோரல் பெரும்பாலும் பிழைக்கிறது. வெளிச்சம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் அந்தப் பாசிக்குள் கேடு செய்யும் ஆக்சிஜன் உருவாகும், கோரல் பாசியை வெளியே தள்ளிவிடும், நிறம் போய் வெள்ளையாகும். வெளிச்சம் குறைந்தால் பெரும்பாலும் வேறு மாதிரி நடக்கும்: ஜோவா கழுத்தை நீட்டிக்கொண்டு மேலே எட்டும், நிறம் பழுப்படிக்கும். போட்டோவைப் பார்த்ததுமே இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இத்தனை வருட அனுபவசாலிகள் உட்கார்ந்திருந்த இடம் அது.

வாட்ஸ் என்பது லைட் இழுக்கிற கரண்ட். தண்ணீருக்குள் கோரல் இருக்கிற இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அது சொல்லாது. அதே வாட்ஸில் ஒரு லைட் குறுகிய லென்ஸ் வைத்து நடுவில் சுடும், இன்னொன்று பரவலாக விரிக்கும். அரையடி ஏற்றித் தொங்கவிட்டாலே கணக்கு மாறிவிடும். லிட்டருக்கு இத்தனை வாட்ஸ் என்பதெல்லாம் டியூப்லைட் காலத்துப் பேச்சு. நமக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரைக்குமான ஒளி எவ்வளவு வந்து சேர்கிறது என்ற அளவு, அதுதான் பார். அதிலும் நீலப் பக்கம், 420-லிருந்து 480 வரை, முக்கியம். கடலில் சிவப்பு முதல் சில மீட்டரிலேயே அடங்கிவிடுகிறது, ஆழத்துக்குப் போவது நீலம். போனில் லக்ஸ் ஆப் போட்டு அளப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான கணக்கு, நம் கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சென்று படும். நீல லைட்டை லக்ஸில் அளந்தால் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி இன்னும் ஏற்றுவார்கள்.

எங்கள் அப்பா சந்தூர் பக்கம் நர்சரியில் பல வருடம் வேலை பார்த்தவர். மாங்கன்று வாங்க யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "எங்க நடப் போறீங்க, தண்ணி வசதி எப்படி?" என்பதுதான். செந்தூரா வேண்டும் என்று பணத்தை எடுத்து நீட்டினாலும் அதைக் கேட்காமல் கன்றைத் தூக்கித் தரமாட்டார். நிழல்வலைக்குக் கீழே இருந்த ஒட்டுக்கன்றை நேராக வெயிலில் வைத்தால் இலை கருகும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவார். கோரலும் அப்படித்தான். புது லைட் மாட்டினால் முப்பது, நாற்பது சதவீதத்தில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். எட்டிலிருந்து பத்து மணி நேரம் போதும்.

"அப்போ மட்டமான லைட்டே போதும் என்கிறாயா?" என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நல்ல லைட்டில் ஒளி சீராகப் பரவும், ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் குறைக்கலாம், உப்புக் காற்றில் சீக்கிரம் அரிக்காது. பணம் இருந்தால் வாங்குங்கள். என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது.

"கடலில் உச்சி வெயில் 2000 பார் வரை இருக்கிறதே, 300 எப்படி அதிகமாகும்?" என்று ஒருவர் மடக்கினார். அது தண்ணீருக்கு மேலே, நடுப்பகலில். ஆழம், கலங்கல், மேகம் எல்லாம் தாண்டித்தான் கீழே போகிறது. பாறை நிழலில் வளர்கிற மஷ்ரூமும் அலை அடிக்கிற மேட்டில் வளர்கிற கொம்புப் பவளமும் ஒரே வெயிலைப் பார்ப்பதில்லை.

அடுத்தது, "நாளைக்கு எஸ்பிஎஸ் வைக்கணும்னா என்ன பண்ணுவே, இப்பவே பெரிசா வாங்கிடு." இதற்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. எஸ்பிஎஸ் என்பது கொம்புப் பவளம் போன்ற, நிறைய வெளிச்சம் கேட்கிற கல்பவளம். கல்பவளம் அத்தனையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, 2001-ல் சேர்த்தார்கள். புலிக்குள்ள அட்டவணை அது. எஸ்பிஎஸ் மட்டும் இல்லை, நீல வெளிச்சத்தில் போட்டோ பிடித்து விற்கிற டார்ச், ஹாம்மர் என்ற வகைகளும் கல்பவளம்தான். கடல் விசிறியும் பட்டியலில் உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் 250, 350 பார் என்று சொல்வது அவர்கள் ஊரில் பண்ணையில் வெட்டி வளர்த்த எஸ்பிஎஸ்ஸுக்கு. அந்த எண்ணைக் கொண்டுவந்து காவேரிப்பட்டணத்தில் மஷ்ரூம் வைத்திருக்கிற பையன் தலையில் கட்டுகிறோம். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 என்று சூட்டில் பவளம் வெளுத்த கதை நமக்குத் தெரியும். அதற்கு முன்னால் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த கதையும் தெரியும். கடல்மேல் பிரியம் என்று சொல்லிக்கொண்டு, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கி வைத்துவிட்டு, அதற்கேற்ற லைட் இல்லாதவனைக் கேலி செய்வது எந்த ஊர் நியாயம்?

கரண்ட் பில்லையும் ஒரு பொருட்டாகவே பேசமாட்டேன் என்கிறார்கள். 100 வாட் லைட் தினம் ஒன்பது மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். 200 வாட் என்றால் அதில் இரட்டிப்பு. அதற்கு மேல் அலை மோட்டார், அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர். சித்திரை வெயிலில் தர்மபுரி வீட்டுக்குள் தண்ணீரை 27 டிகிரிக்குள் வைக்க வேண்டும், பெரிய லைட்டின் சூடும் அதோடு சேரும், பிறகு தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கு என்பார்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளூரைடும் உப்பும் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ஆர்ஓ தண்ணீர் பிடித்துத்தான் உப்பே கலக்க வேண்டும். இவ்வளவையும் அந்தத் தம்பி சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செய்கிறான். மாதம் தவறாமல் தண்ணீர் டெஸ்ட் செய்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அந்த நோட்டை அங்கே யாராவது வாங்கிப் பார்த்தார்களா? அவனுக்குத் தங்கமீன் போதும் என்று சொல்ல இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

நான் எழுதப் போகிறேன் என்று தெரிந்து, அந்த அண்ணனைப் பற்றிப் பொதுவில் எழுதலாமா என்று சிலர் காலையில் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். அவர் சொன்னதும் பொதுவில்தான். அத்தனை பேர் முன்னால் ஒருவனைச் சின்னவனாக்கியபோது அது மரியாதைக் குறைவாகத் தெரியவில்லை, நான் எழுதினால் தெரிகிறது. அவரிடம் நான் நிறையக் கற்றிருக்கிறேன், அதனால்தான் வலிக்கிறது. கடலே இல்லாத மாவட்டத்தில் இதை எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது நம்மைப் புரிந்துகொள்ள இருப்பது இந்த நாலு பேர்தான். அந்த நாலு பேரும் விலையைச் சொல்லித் துரத்தினால் அவன் எங்கே போவான்?

லைட்டை ஒன்றரை அடிக்கு ஏற்றிவிட்டோம். வெள்ளையைப் பாதிக்கும் கீழே இறக்கி, நீலத்தையும் குறைத்து, ஒன்பது மணி நேரமாக்கியிருக்கிறோம். மஷ்ரூமைக் கீழே மணல் பக்கம் நகர்த்தியாயிற்று. ஜோவா திரும்ப நிறம் பிடிக்க நாளாகும், சிலது பிழைக்காமலும் போகலாம். தொட்டியைக் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றான்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் யாராவது லைட் வாங்கப் போவதாக இருந்தால் முதலில் என்னிடம் இருக்கும் பார் மீட்டரை வந்து எடுத்துப் போய் இருக்கிற லைட்டை அளந்து பாருங்கள். வாடகை வேண்டாம். அளந்து முடித்ததும் சென்சாரை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுங்கள், உப்புப் படிந்தால் அடுத்தவருக்குத் தப்பாகக் காட்டும்.