நாலு ஸ்க்ரூவை நேரா முறுக்க அஞ்சு நிமிஷம் இல்லையா?

கத்திரி வெயில் மதுரையைப் போட்டு வறுக்குது. காசைக் கொட்டி கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலர் வாங்கி, கடையிலயே மாட்டிக்கிட்டு வந்த பையன், கேமைத் திறந்த ரெண்டாவது செகண்டே பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டுத் திணறுதுன்னு கடைக்கு ஓடுறான். அங்க என்ன சொல்றாய்ங்க? "தம்பி, நம்மூரு வெயிலுக்கு அப்படித்தான். ஏசி போட்டுக்க."

கேக்கவே வயிறு எரியுது. ரூம் 40 டிகிரின்னா கூலருக்குள்ள இருக்குற தண்ணி அதுக்குக் கீழ போகாது, சரி. ஆனா 28 டிகிரி ரூம் 40 ஆனா பிராசஸர் சூடும் சுமாரா அந்த 12 டிகிரிதான் ஏறும். தண்ணி முழுசா சூடேறவே பல நிமிஷம் ஆகும். ரெண்டு செகண்டுல 100னா பிளாக், அதாவது கூலரோட செம்பு அடிப்பாகம், பிராசஸர் மேல ஒட்டி உக்காரலைன்னு அர்த்தம். இதுக்கும் வெயிலுக்கும் என்னய்யா சம்பந்தம்?

பிளாக்கைக் கழட்டிப் பாத்தா விஷயம் அங்கயே எழுதிக் கிடக்கும். ஒரு மூலையில, சூட்டைக் கடத்த நடுவுல தடவுற பேஸ்ட் முழுக்கப் பிதுங்கி செம்பு பளிச்சுன்னு தெரியும், எதிர் மூலையில அப்புன மாதிரியே தடியா நிக்கும். பவர் ஸ்க்ரூடிரைவரை வச்சு முதல் ஸ்க்ரூவை அடி வரைக்கும் இறக்கிட்டு அடுத்ததுக்குப் போயிருக்காய்ங்க. பிளாக் சாஞ்சதும் பேஸ்ட் ஒரு பக்கமா ஓடிரும். அப்புறம் மத்த மூணையும் எவ்வளவு முறுக்குனாலும் ஓடுனது திரும்பி வராது. கழட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைச்சு, புது பேஸ்ட் வச்சுதான் மாட்டணும்.

லாரிக்கு டயர் மாட்டுறவங்க நட்டை எதிரெதிரா முறுக்குறாங்கல்ல, அதே முறைதான் இதுக்கும். நாலு ஸ்க்ரூவையும் கையால மரையில பிடிக்க விடு. அப்புறம் கை ஸ்க்ரூடிரைவர்ல எதிரெதிர் மூலையா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு சுத்து. மரை முடிஞ்சு தானா நிக்கிற இடத்துல நிறுத்து. அதுக்கு மேல பலத்தைக் காட்டுனா மதர்போர்டு வளையும், பிராசஸர் உக்கார்ற சாக்கெட்டோட பின்ல அழுத்தம் மாறும். ஒரு ரேம் ஸ்லாட் திடீர்னு காட்டாமப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம். பாவம், ரேமை மாத்தி மாத்திக் காசை அழிக்கிறவங்க எத்தனை பேரு!

அடுத்த கொடுமை, கூலரைப் போர்டுல மாட்டுறதுக்குப் பழைய கிட்டை வச்சு ஒப்பேத்துறது. இன்டெல் பிராசஸருக்கான எல்ஜிஏ 1200ங்குற சாக்கெட்ல ஓட்டைக்கு ஓட்டை 75 மில்லிமீட்டர். 2021ல வந்த எல்ஜிஏ 1700ல 78. பிராசஸரோட உயரமும் கொஞ்சம் குறைஞ்சிருச்சு. ஸ்க்ரூ ஏறுற பழைய தூணை, அதான் ஸ்டாண்ட்ஆஃபை, எப்படியோ நெம்பி மாட்டுனாலும் ஸ்க்ரூ முழுசா இறங்கியிருக்கும், பிளாக் அழுத்தாது. அதுக்கு ரப்பர் வாஷர் வைக்கிறாய்ங்க பாருங்க, அங்கதான் ஆத்திரம் தலைக்கேறுது. 1700க்குன்னு தனி கிட் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க. போர்டுக்குப் பின்னாடி தாங்குற பேக்பிளேட் லேசா ஆடுதேன்னும் பயப்படாதீங்க. பல மாடல்ல பிளாக்கை மாட்டி முறுக்குனதும் அந்த ஆட்டம் நின்னுரும்.

இன்னொரு கம்பெனியான ஏஎம்டியில, ஏஎம்4 சாக்கெட் போர்டுல நாலு ஸ்க்ரூவைக் கழட்டுனா பேக்பிளேட் பின்னாடி விழுந்துரும், ஒரு கையால பிடிச்சுக்கணும். ஏஎம்5ல அது சாக்கெட்டோடயே இருக்கும், அதை நோண்டக் கூடாது. ஏஎம்4ல பழைய கூலரை எடுக்குறப்ப மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் பண்ணி, இடமும் வலமுமா லேசாத் திருகி எடுங்க. வெடுக்குன்னு இழுத்தா பிராசஸரும் சேந்து பிடுங்கிட்டு வரும். பின் வளைஞ்சா யாரு காசு குடுக்குறது?

செம்புல ஒட்டியிருக்குற பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டுற ஆளுகளும் இருக்காய்ங்க. சம்பளம் வாங்குற மெக்கானிக் செய்ற வேலையா இது?

உசிலம்பட்டி, மேலூர்லருந்து பஸ் ஏறி வந்து மெஷின் எடுக்குறவங்களே, பிராசஸருக்கு முழு வேலை குடுத்துச் சோதிக்கிற சினிபெஞ்ச் சாஃப்ட்வேரைக் கடையிலயே பத்து நிமிஷம் ஓட்டச் சொல்லுங்க. பிராசஸருக்குள்ள இருக்குற ஒரே ரகக் கோர்களுக்குள்ள நாலஞ்சு டிகிரி வித்தியாசம் சகஜம். 15, 20னு விலகுனா பிளாக் சாஞ்சிருக்கான்னு முதல்ல பாக்கச் சொல்லுங்க. ஏஎம்டியோட ரைசன் 7000 வரிசையில பெரிய பிராசஸர் முழு லோடுல 95 தொடுறது அதோட வடிவமைப்பு, அதுக்காகச் சண்டை போடாதீங்க. ஆனா சும்மா இருக்கும்போதே 70, 80 காட்டுச்சுன்னா கண்ணு முன்னாடி கழட்டி, பேஸ்ட் பரவியிருக்குற லட்சணத்தைக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னு சொன்னா பாக்கிப் பணத்தை எடுக்காதீங்க.