வாஷிங் மெஷின் முன்னால் முழிக்கும் கணவன்

நேற்று ராத்திரி துணி மடித்துக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்து அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். ஒரு சலவைத்தூள் விளம்பரம் வந்தது. கோட்டு, டையோடு ஒருவன் பெரிய அறையில் பத்துப் பேருக்கு முன்னால் ஏதோ வரைபடத்தைக் காட்டி வெளுத்து வாங்குகிறான். எல்லாரும் கைதட்டுகிறார்கள். அடுத்த காட்சியில் அதே ஆள் வீட்டில் வாஷிங் மெஷின் முன்னால் நின்று திருதிருவென முழிக்கிறான். வெள்ளைச் சட்டைகளோடு சிவப்புத் துணியைச் சேர்த்துப் போட்டு எல்லாவற்றையும் ரோஸ் நிறமாக்குகிறான். மனைவி வந்து, 'இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்னதான் பண்ண' என்று செல்லமாகத் தலையில் அடித்துக்கொண்டு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டுகிறாள். சுபம்.

ஏன் சார், அந்த மெஷினில் இருப்பதே நாலு பட்டன். ஒவ்வொன்றுக்கும் மேலே என்னவென்று எழுதியும் இருக்கிறது. அத்தனை பெரிய வரைபடத்தை விளக்கத் தெரிந்தவனுக்கு இதைப் படிக்கத் தெரியாதா?

முதலில் ஆண் என்ற முறையில்தான் எனக்குக் கோபம் வந்தது. விளம்பரத்தில் வரும் கணவனுக்குத் தன் சாக்ஸ் எங்கே என்று தெரியாது, குழந்தைக்கு டயபர் மாட்டத் தெரியாது, லேசாக ஜலதோஷம் வந்தால் உயில் எழுதும் முகத்தோடு படுத்துவிடுவான். சீரியல் கணவன் இன்னும் மோசம். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே மண்ணாந்தை மாதிரி நிற்பான். கேமரா மூன்று தடவை அவன் முகத்துக்கு அருகே போய்த் திரும்பும், இடி இடிக்கும், அவன் வாயை மட்டும் திறக்க மாட்டான். இவனெல்லாம் குடும்பத் தலைவனாம்.

ஆனால் கொஞ்சம் யோசித்தால் கோபம் வேறு பக்கம் திரும்புகிறது. அந்த அசட்டுத்தனத்தால் அவனுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. 'தெரியாது' என்ற ஒரு வார்த்தையில் வேலை கைமாறிவிடுகிறது. அவன் சோபாவுக்குப் போகிறான், துணி அவளிடம் போகிறது. அது ஒரு நிரந்தர லீவு லெட்டர். கல்யாணமான புதிதில் அதை நானும் நீட்டியிருக்கிறேன். 'நீ பண்ணினால்தான் சரியா வரும்' என்று பாராட்டுகிற மாதிரியே நழுவியிருக்கிறேன். சட்டையை ஒழுங்காக மடிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாலைப்பொழுதுதான் ஆனது. அதைத் தொடங்க இரண்டு வருஷம் ஆனது.

அவளைப் பாருங்கள். விளம்பர மனைவிக்குக் கோபமே வராது. சட்டை நாசமானாலும் சிரிப்பு, தரையெல்லாம் சேறானாலும் சிரிப்பு. உலகம் முழுக்க இப்படிச் சம்பளமில்லாமல் நடக்கும் வீட்டு வேலை, பராமரிப்பு வேலைகளில் 76.2 சதவீத நேரம் பெண்களுடையது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் கணக்குச் சொன்னது. ஒரு நாளைக்குப் பெண்ணுக்கு 4 மணி 25 நிமிடம், ஆணுக்கு 1 மணி 23 நிமிடம். இதில் எங்கிருந்து சிரிப்பு வரும்? அப்புறம், இத்தனை வருஷமாகத் துவைப்பவள் அவள்தான். ஆனாலும் எந்தத் தூள் நல்லது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வெள்ளைக் கோட்டு மாட்டிய ஓர் ஆண் வருவான். வீட்டிலிருக்கும் ஆணுக்குப் பட்டன் தெரியாது, ஆய்வகத்து ஆணுக்கு மட்டும் மூலக்கூறே தெரியும்.

இதெல்லாம் புதிதும் இல்லை. 1930-களில் அமெரிக்க வானொலியில், பகலில் வீட்டிலிருக்கும் பெண்களைக் குறிவைத்துத் தொடர் நாடகங்கள் ஓடின. சோப்புக் கம்பெனிகள் காசு போட்டதால்தான் அவற்றுக்கு 'சோப் ஆப்பரா' என்றே பெயர் வந்தது. 1933-ல் ஆக்ஸிடால் சோப்புத்தூளை விற்க அப்படியொரு தொடரை நடத்தியது பிராக்டர் அண்ட் கேம்பிள். கதையிலும் இடைவேளையிலும் வீடு அவள் பொறுப்புதான். ஒரே தறியில் நெய்த துணி.

எதிர்த்துக் கேட்டால் மாறாதா என்றால், மாறும். 2012-ல் ஹக்கீஸ் தன் டயபரைச் சோதிக்க அதை அப்பாக்களிடம் கொடுத்துப் பார்ப்பதாக விளம்பரம் எடுத்தது. அதாவது, அப்பாவிடமே தாக்குப்பிடித்தால் எங்கும் தாக்குப்பிடிக்குமாம்! அமெரிக்க அப்பாக்கள் கொதித்துப்போய் மனுப் போட்டார்கள், கம்பெனி விளம்பரத்தை மாற்றியது. பிரிட்டனில் தீங்கான பாலினச் சித்திரிப்புகளுக்குத் தடை விதிக்கும் விதி 2019 ஜூன் 14 அன்று அமலானது. இரண்டே மாதத்தில் மாட்டியது ஃபிலடெல்ஃபியா சீஸ் விளம்பரம். அதில் இரண்டு அப்பாக்கள் சாப்பாட்டில் மயங்கி, உணவகத்தில் தட்டுகள் ஓடும் பெல்ட்டில் குழந்தைகளைப் போகவிட்டுவிடுகிறார்கள். கம்பெனி சொன்ன சமாதானம்தான் அற்புதம். குழந்தை வளர்ப்பு என்றாலே அம்மாக்களைக் காட்டும் வழக்கத்தைத் தவிர்க்கத்தான் அப்பாக்களைப் போட்டார்களாம். அப்பாவைக் கொண்டுவந்தவர்கள் கூடவே கொஞ்சம் மூளையையும் கொண்டுவந்திருக்கலாம்.

விளம்பரம்தானே, விட்டுத்தள்ளு என்பார்கள். போன மாதம் பையனுக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போனேன். எந்த ஊசி எப்போது போட்டது, எதற்குக் காய்ச்சல் வந்தது எல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "எதுக்கும் அவங்க அம்மாகிட்ட ஒரு தடவை போன்ல கேட்டுடுங்களேன்" என்றார். கேட்டேன். அவள் மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே வந்து, "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்றாள். எங்கள் இரண்டு பேர் நேரமும் வீண்.

நல்ல விளம்பரமே வரவில்லையா? வந்தது. 2015-ல் இந்தியாவில் ஏரியல், துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்று கேட்டது. மறு வருஷம், வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் இருந்துவிட்டதற்காக ஓர் அப்பா மகளிடம் மன்னிப்புக் கேட்கும் படம். பார்த்து எனக்கே தொண்டை அடைத்தது. ஆக்ஸிடாலுக்கு நாடகம் போட்ட அதே கம்பெனிதான் இதற்கும் முதலாளி. தூள் விற்கத்தான் எடுத்தார்கள். விற்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை.

அதைப் பார்த்து மற்றவர்கள் பிடித்துக்கொண்டது வயலின் இசையைத்தான். இப்போது ஆண் ஒரு தட்டைக் கழுவினாலே ஸ்லோ மோஷன், மனைவி கண்ணில் நீர். அவள் பத்து வருஷமாகக் கழுவிய தட்டுகளுக்கு ஒரு புல்லாங்குழல்கூட வாசிக்கவில்லையே! என் பங்கு வேலைக்கு எனக்குக் கைதட்டல் வேண்டாம். அந்த வேலை எனக்குத் தெரியும் என்று நம்பினால் போதும்.

இதை எழுதி முடிப்பதற்குள் அந்தச் சலவைத்தூள் விளம்பரம் மூன்று தடவை வந்துவிட்டது. அவன் இன்னும் அதே இடத்தில் நின்று முழித்துக்கொண்டிருக்கிறான். என் கூடையில் இன்னும் நாலு சட்டை பாக்கி. வெள்ளை, வெள்ளையாகவே இருக்கிறது.