அட்டையில் டிராகன் இருந்தால் குற்றமா?

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை இங்கே பாதிப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்பதாம் வகுப்பு நூலக அலமாரியிலிருந்து 8 புத்தகங்களை எடுத்து, கஞ்சாப் பொட்டலம் பிடிபட்ட மாதிரி மேசையில் அடுக்கி ஒரு விசாரணை. அட்டையில் டிராகன், உள்ளே மந்திரம். இதில் ஒன்றையாவது யாராவது படித்தீர்களா என்று கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. படிக்கவில்லை. படிக்காமலே தீர்ப்பு.

பிள்ளைகள் பில்லி சூனியம் கற்றுக்கொள்வார்களாம். சொன்னவர் கையில் மந்திரித்த கயிறு. கயிற்றைக் குறை சொல்லவில்லை, என் கையிலும் இருக்கிறது, கோட்டை மாரியம்மன் கோவிலில் கட்டியது. சேலத்துப் பிள்ளைக்கு மாயம் என்ன புதுசா? ஏற்காடு போனால் சேர்வராயன் கோவில் குகைக்குள் குனிந்துபோய்க் கும்பிடுகிறோம். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று எங்கள் ஆயா சொன்னபோது எனக்கு 7 வயது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிகிற வரை வாந்தி வராமல் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கெட்டா போய்விட்டேன்? (ஆமாம் என்று என் வீட்டம்மா கமெண்ட் போடுவார், போடட்டும்.)

அப்புறம், "வகுப்பறைக்கு ஏற்றதல்ல". சரி, சிலப்பதிகாரம் வகுப்பறையில்தானே இருக்கிறது? கல்யாணத்தின்போது கண்ணகிக்கு 12 வயது, கோவலனுக்கு 16, நூலிலேயே இருக்கிறது. தப்பான தீர்ப்பில் அவன் உயிர் போகிறது, அவள் தன் மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரிக்கிறாள். மணிமேகலை கையில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், வானத்தில் வேறு பறக்கிறாள். இதையே டிராகன் அட்டை போட்டு இங்கிலீஷில் அச்சடித்திருந்தால் சனிக்கிழமை மேசைக்கு வந்திருக்கும். அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை அதிகம் ஆட்சேபம் வந்த புத்தகப் பட்டியலில் முதலிடம் ஹாரி பாட்டர் வரிசைக்குத்தான். படித்த பிள்ளை எதுவும் துடைப்பத்தில் ஏறிப் பறந்துபோனதாகத் தெரியவில்லை.

சில புத்தகங்களில் படுக்கையறைக் காட்சி வரை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதைப் பெரிய வகுப்புக்கு வையுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் எது அப்படி என்று தெரிய, படித்துத்தானே ஆகவேண்டும்!

மார்க் போய்விடும் என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் தறி. பத்தாவது படிக்கும்போது தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, பாவுக்கு அடியில் ஒளித்து ஒரு மாயாஜாலக் கதை படித்தேன். அப்பா பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டார். வாடகைப் புத்தகம். அட்டை சுருண்டு எரிந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. மார்க் ஏறவில்லை, பெயில். படிக்கிற பழக்கம்தான் போனது, இருபத்தைந்து வருஷம்.

கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க சார்?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அந்த 8 புத்தகத்தில் ஒன்றை முக்கால்வாசி படித்தவன் அந்த அறையில் நான் ஒருத்தன்தான் என்று சொல்ல வந்தேன், தொண்டையிலேயே நின்றுவிட்டது. மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்தது. இரவில் அவள் படித்துவிட்டு வைத்தால், ஏற்காடு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்துப் பின்னாலேயே நான் படிப்பேன், புரியாத வார்த்தைக்கு அவளையே கேட்பேன்.

இப்போது அது அலுவலக பீரோவில், டிக்கெட்டோடு பூட்டிக் கிடக்கிறது. கடைசியில் அந்தப் பையன் வீடு திரும்பினானா என்று மகளிடம் கேட்டால், "நானும் முடிக்கலப்பா" என்கிறாள்.