தரங்கம்பாடிக்கு நாற்பது நிமிடம் போதாது

போன வாரம் உறவினர்கள் எல்லோருமாக வேன் பிடித்துக் கடலோரமாகக் கிளம்பினோம். பூம்புகார், தரங்கம்பாடி, திருநள்ளாறு, நாகூர், இரவுக்கு வேளாங்கண்ணி. பயண ஏற்பாட்டாளர் தரங்கம்பாடிக்கு ஒதுக்கிய நேரம் நாற்பது நிமிடம். கோட்டை வாசலில் படம் எடுத்தோம், இளநீர் குடித்தோம், வண்டி ஏறினோம். எனக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் காலை வேளாங்கண்ணியிலிருந்து பஸ் பிடித்துத் தனியாகத் திரும்பிவிட்டேன்.

இந்த முறை கோட்டைக்குள் நுழையாமல் நேரே மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போனேன். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். ஊருக்கு அன்று சடங்கன்பாடி என்று பெயர். டென்மார்க் நாட்டு டேனியர்கள் 1620-இல் வந்து டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியபோதே அந்தக் கோயிலுக்கு முந்நூறு வயது! கிழக்குப் பக்கத்தை அலை தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் கருங்கல்லைத் தொட்டுப் பார்த்தேன். உப்புக்காற்று அரித்து, விரல் வைத்த இடத்தில் மணல் மணலாக உதிர்கிறது. பூம்புகாரைக் கடல் கொண்டது என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். கடல் எப்படிக் கொள்ளும் என்பதை இங்கே நின்று கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். இது வெறும் 'டேனிஷ் ஊர்' என்றே பேசிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டேனியர்களுக்கு இடம் கொடுத்தவர் தஞ்சை இரகுநாத நாயக்கர். டென்மார்க் மன்னருக்கு அவர் அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. ஓலையை அவர்கள் காத்தார்கள். கோயிலை நாம் காத்திருக்க வேண்டாமா?

ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. 1718-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய ஜெர்மானியக் கிறிஸ்தவப் போதகர் சீகன்பால்கு அடுத்த ஆண்டே, 36 வயதில் இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். 1706-இல் வந்திறங்கியவர், தமிழ் வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் படித்தார். அந்தக் கை எழுதிய தமிழ்தான் சில ஆண்டுகளில் இதே ஊர் அச்சகத்தில் புதிய ஏற்பாடாக அச்சேறியது. ஆலயத்துக்குள் பத்து நிமிடம் தனியாக நின்றேன். அந்த வாத்தியாரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1845-இல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். மீனவர்கள் போகவில்லை. 2004 சுனாமி உறவுகளைக் கொண்டுபோன பிறகும் அதே கரையில் வலையைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வைத்து, "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடல் அதோ அங்கே இருந்தது தம்பி" என்று அலைக்கு அப்பால் கை காட்டினார். அவர் காட்டிய இடத்தில் ஒரு படகு ஆடிக்கொண்டிருந்தது.

சுற்றுலா வண்டி ஏற்பாடு செய்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: இந்த ஊருக்கு ஓர் இரவு கொடுங்கள். கோட்டைக்கு முன்னால் கோயிலைக் காட்டுங்கள், அது நிற்கும்போதே. அடுத்த மாதம் அம்மாவை அழைத்துப்போகிறேன். இரண்டு நாள் தங்கப்போகிறோம். விடியற்காலையில் முதலில் கோயிலுக்கு.