ட்வின் லேக்ஸில் இரண்டாவது முறை

"நீ எப்படி அவரைப் போக விட்டாய்?" என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். போன ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோவில் நடக்கும் லெட்வில் 100 மைல் மலைச் சைக்கிள் பந்தயத்தில் என் கணவர் ஓட்டினார். அவர் ஆசைப்பட்டார், நான் கூட நின்றேன். ஆனால் கூட நிற்பது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

லெட்வில் ஊரே ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1982இல் பக்கத்துச் சுரங்கம் மூடியபோது வேலை இழந்த கென் க்ளோபர், ஊர் பிழைக்க வேண்டும் என்று அடுத்த வருடம் 100 மைல் ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கினார். சைக்கிள் பந்தயம் 1994இல் வந்தது. 12 மணி நேரத்துக்குள் முடித்தால் பரிசாக ஒரு பெல்ட் பக்கிள் (இடுப்பு பெல்ட்டின் கொக்கி) கிடைக்கும்.

துணைக்கு வருபவர்கள் காத்திருக்கும் முக்கிய இடம் ட்வின் லேக்ஸ். 40 மைல் தாண்டி ஒரு முறை வருவார்கள். அங்கிருந்து 3,700 மீட்டருக்கு மேலே இருக்கும் கொலம்பைன் சுரங்கம் வரை ஏறி, திரும்ப அதே இடத்துக்கு இறங்கி வருவார்கள். முதல் முறை வந்தபோது சிரித்தார். தண்ணீர் பையை மாற்றிக் கொடுத்தேன், போய்விட்டார். அப்புறம் மலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேலே கருமேகம். போனில் சிக்னல் சரியாக இல்லை.

இரண்டாவது முறை வந்தவரின் முகம் வெளுத்திருந்தது. தெம்புக்குச் சாப்பிடும் ஜெல்லை நீட்டினால் குமட்டுகிறது என்றார். பிளாஸ்கில் வைத்திருந்த ரசத்தை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "போதும்மா, என்னால முடியல" என்றார்.

"சரி, வாங்க வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்ல என் வாய் துடித்தது. அதைச் சொல்லியிருந்தால் அது என் பயமாக இருந்திருக்கும், அவருடைய முடிவாக இருந்திருக்காது.

ஏப்ரலிலேயே சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசி வைத்திருந்தோம். தலையில் அடி, பேச்சில் குழப்பம், சும்மா உட்கார்ந்திருந்தும் அடங்காத மூச்சிரைப்பு, எலும்பு முறிவு. இதில் ஒன்று இருந்தாலும் நான் நிறுத்துவேன், அவர் மறுபேச்சு பேசக்கூடாது. வெறும் களைப்பு என்றால் நான் வாயைத் திறக்கக்கூடாது. இப்படி ஒரு பேச்சு இல்லாமல் யாரும் தன் வீட்டு மனிதரை இந்த மாதிரிப் பந்தயத்துக்கு அனுப்பக்கூடாது என்று அழுத்திச் சொல்வேன். களைத்த மனிதரும் பயந்த மனைவியும் அந்த இடத்தில் நின்று புதிதாக முடிவெடுக்க முடியாது.

மகளின் பிறந்தநாள் கேட்டேன், சரியாகச் சொன்னார். மூச்சைக் கவனித்தேன், மெல்ல அடங்கியது. மழைக் கோட்டை மாட்டிவிட்டு, பாக்கி ரசத்தையும் கொடுத்துவிட்டு, பேசாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு நிமிடம். எழுந்து, காலைப் போட்டு ஏறிப் போனார். இன்னும் 40 மைல் இருந்தது. அதில் பவர்லைன் மேடு வேறு, நிறையப் பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும் செங்குத்து. அவர் மறைந்த பிறகுதான் அழுதேன்.

சாயங்காலம், ஆறாவது தெருவின் கடைசி ஏற்றத்தில், மழைக் கோட்டைப் போட்டபடியே வந்தார். மொத்தம் 11 மணி நேரம் 38 நிமிடம். முடிவுக் கோட்டைத் தாண்டி இறங்கியதும் முதலில் கேட்டது: "ரசம் இருக்கா?"