ஒரு நட்டுக்கு எத்தனை போட்டோ?

காலை 8:40. வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்து, உயரத்தில் ஏறுவதற்கான பெர்மிட்டில் கையெழுத்து வாங்கி, பையன்கள் ஆளை மேலே தூக்கும் சிசர் லிஃப்டை மூன்றாம் மாடியில் உருட்டிக்கொண்டு போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாட்ஸாப் குரூப்பில் பிஎம்மிடமிருந்து, அதாவது புராஜெக்ட் மேனேஜரிடமிருந்து, வந்து விழுகிறது: "போட்டோ எங்கே?"

எந்த போட்டோ சார்? ஓட்டை போடுவதற்கு முன்பா, போட்ட பிறகா? ராட் தொங்கும்போதா, நட்டு முறுக்கிய பிறகா? நான்கும் வேண்டுமாம். ஏர்கான் காற்றுக்குழாயைக் கூரையிலிருந்து தாங்கும் ஹேங்கர் ஒன்றுக்கு நான்கு போட்டோ. ஒரு நாளைக்கு 40 ஹேங்கர் மாட்டினால் 160 போட்டோ. நாங்கள் ஏர்கான் டக்ட் மாட்ட வந்தோமா, கல்யாண ஆல்பம் போட வந்தோமா?

நான் ஒன்றும் நேற்று வந்தவன் இல்லை. 2011இல் சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் வந்து, லாரியின் பின்னால் உட்கார்ந்து போய், இன்று அதற்கு ஒரு படி மேலான எஸ் பாஸில் சூப்பர்வைசராக நிற்கிறேன். என் கையில் 11 பேர். அதில் பாதிப் பேர் என்னோடு மூன்று புராஜெக்ட் முடித்தவர்கள். யார் கை எப்படி முறுக்கும், யாருக்கு மதியத்துக்கு மேல் கண் சொக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பிஎம்முக்கு அது வேண்டாம். அவருக்கு வேண்டியது போட்டோ. அவரும் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், தமிழில்தான் சந்தேகப்படுகிறார். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே சுடுகிறது.

அனுப்புகிற போட்டோவையாவது பார்க்கிறாரா? போன மாதம் ஒருநாள் அவசரத்தில் கேட்டரிங் சாப்பாட்டுப் பொட்டலத்தின் படம் அந்தக் குரூப்புக்குள் போய்விட்டது. விடிகாலையில் வந்த குழம்பு பதினொரு மணிக்கே புளித்துப் போயிருந்ததால் கேட்டரிங்காரரிடம் காட்ட எடுத்து வைத்த படம். எனக்கு வியர்த்துவிட்டது. அடுத்த நிமிடம் பிஎம்மிடமிருந்து கட்டைவிரல். புளித்த சாம்பாருக்கு அப்ரூவல் கிடைத்த ஒரே சைட் எங்கள் சைட்டாகத்தான் இருக்கும்.

பையன்கள் முட்டாள்களா என்ன? ஒரே பிராக்கெட்டை ஒன்பது கோணத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். இதைக் கண்டுபிடித்துத் தேதியும் நேரமும் படத்திலேயே விழுகிற ஆப் போடச் சொன்னார். சரி என்று, காலையில் நல்ல வெளிச்சத்தில் நல்ல வேலை நடக்கிற ஓரிடமாகப் பார்த்து மொத்தப் படத்தையும் எடுத்துவிட்டு, இருட்டு மூலைகளில் இஷ்டத்துக்கு முறுக்க ஆரம்பித்தார்கள். நான்தான் டார்ச்சும் கையுமாக ஒவ்வொரு மூலையாக ஏறி இறங்குகிறேன். என் பையன்கள் இப்படி இருந்தவர்கள் இல்லை. முன்பெல்லாம் ராட் கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூடக் கழற்றி மாட்டியவர்கள். இப்போது படத்தில் நேராகத் தெரிந்தால் போதும் என்கிறார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "செக் பண்ணினாலே இவனுக்குப் பிடிக்காது போல" என்று யாராவது கிளம்புவீர்கள். எங்கள் சைட்டில் ஒரு ஆர்டிஓ, அதாவது வேலையைச் சரிபார்க்கும் ரெசிடென்ட் டெக்னிக்கல் ஆபீசர், இருக்கிறார், அறுபது வயதுச் சீனர். வாரம் இரண்டு முறை வருவார். தானே ஹார்னஸ் மாட்டி மேலே ஏறி, ஹேங்கரைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். லூசாக இருந்தால் திட்டுவார், கழற்றச் சொல்வார். அவர் வரும் நாளில் எனக்குப் பயம் உண்டு, கோபம் துளியும் இல்லை. அவர் வேலையைச் சோதிக்கிறார். எங்கள் பிஎம் என்னைச் சோதிக்கிறார்.

இந்தத் தொழிலே சந்தேகத்தில்தான் ஓடுகிறது, அது எனக்கும் தெரியும். வேலையில் குறை வந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று மெயின் கான்ட்ராக்டர் சப் கான்ட்ராக்டரின் பணத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பார். செய்த வேலைக்கான பணம் ஒழுங்காகக் கைக்கு வரவே சிங்கப்பூரில் 2004இல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழக்கூடிய இடம் என்றால் பெர்மிட் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. 50 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுமானத் திட்டங்களில் ஆபத்தான வேலை நடக்கும் இடங்களில் 2024 ஜூனிலிருந்து கேமரா கட்டாயம். இதெல்லாம் இருக்கட்டும், வேண்டியதுதான். 2022இல் மட்டும் இந்த ஊர் வேலையிடங்களில் 46 பேர் செத்தார்கள். கேமரா வைத்தது அதற்காக. எங்கள் பிஎம் அந்தக் கேமராவில் யார் எத்தனை முறை டாய்லெட் போனார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

முந்தைய புராஜெக்டில் இருந்த பிஎம் ஈப்போக்காரர். காலையில் கோப்பி பொட்டலத்தோடு வருவார், முதல் கேள்வியே, "இன்றைக்கு எது முடியாது?" என்பதுதான். எது முடிந்தது என்று கேட்கவே மாட்டார், அது தானாகத் தெரிந்துவிடுமாம். பைப் குறுக்கே வருகிறது, டிராயிங் தப்பு, ஆள் பற்றாது, எதைச் சொன்னாலும் பேனாவால் கையிலேயே எழுதிக்கொள்வார். மதியத்துக்குள் பாதிக்கு வழி பிறந்திருக்கும். அவரிடம் நாங்கள் ஒன்றையும் மறைத்ததில்லை. மறைக்க அவசியமே வரவில்லை.

ஏமி எட்மண்ட்சன் என்று ஹார்வர்டில் ஒரு பேராசிரியர். மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றி மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்து 1996இல் எழுதினார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனார். கணக்கில் நல்ல குழுக்களில்தான் தவறு அதிகமாகத் தெரிந்தது. காரணம், அங்கே நர்ஸுகள் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் மூடி வைத்தார்கள். ஒரு சேஃப்டி கோர்ஸில் இதைச் சொன்னபோது பாதி வகுப்பு தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஏன் என்றால், எங்கள் சைட்டில் ஒரு பையன் உண்மையைச் சொன்னான். மேலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தது, யார் மேலும் படவில்லை, அவனே வந்து நியர் மிஸ், அதாவது மயிரிழையில் தப்பிய விபத்து, என்று எழுதிக் கொடுத்தான். மறுநாள் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பிஎம் அவனை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, "கை என்ன வெண்ணெயா?" என்று கேட்டார். இரண்டு வாரம் ஓவர்டைம் கட். ஊரில் தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவனுக்கு ஓவர்டைம் கட் என்றால் என்னவென்று இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அன்றோடு எழுதிக் கொடுப்பது நின்றது.

போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். புதுக்கோட்டைத் தம்பி ஒருவன் சிசர் லிஃப்டில், நாலு மீட்டர் உயரத்தில். ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் போன். "போட்டோ எங்கே" மூன்று முறை வந்துவிட்டது. கையுறையோடு திரையைத் தொட்டுப் பார்த்தான், வேலை செய்யவில்லை. பல்லால் கையுறையை இழுத்தான். போன் நழுவியது. கீழே வயரை இழுத்துக்கொண்டிருந்த பங்களாதேஷ் பையனின் ஹெல்மெட்டுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து சிதறியது. அவன் நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. ஸ்பேனர் விழுந்திருந்தால்?

தம்பி கீழே இறங்கி வந்தான். திரை தூள். 280 வெள்ளி போன், தேக்காவில் போன மாதம்தான் வாங்கியது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. "அண்ணே, இதை எழுதிக் கொடுக்கணுமா?" என்று கேட்டான்.

நான் சுற்றிப் பார்த்தேன். "விடு தம்பி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்றேன். பதினான்கு வருஷ சர்வீஸில் என் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. இரவு சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேஃப்டி கோஆர்டினேட்டர் வாரக் கணக்குக் கேட்டார். நியர் மிஸ் என்ற கட்டத்தில் 0 என்று எழுதி, போட்டோ எடுத்து, குரூப்பில் போட்டேன். பிஎம் கட்டைவிரல் போட்டார்.