ஒரு மருந்து, மூன்று கண்டுபிடிப்பாளர்கள், நாற்பது ஆண்டுத் தாமதம்

காசநோய்க்கு இன்றும் முதல் வரிசையில் தரப்படும் ஐசோனியசிட் மருந்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஒரே பெயரைச் சொல்லிவிட முடியாது. 1951-52 வாக்கில் பேயர், ஸ்குவிப், ஹாஃப்மன்-லா ரோஷ் ஆகிய மூன்று நிறுவனங்களும் தனித்தனியே அதன் ஆற்றலைக் கண்டறிந்தன. தியோசெமிகார்பசோன் வகைச் சேர்மங்கள் காசநோய்க் கிருமியைத் தடுக்கும் என்று பேயர் நிறுவன ஆய்வாளர் டோமாக் ஏற்கெனவே காட்டியிருந்தார். வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நிகோட்டினமைடுக்கும் ஓரளவு அந்தக் குணம் இருப்பது தெரிந்திருந்தது. இரண்டையும் இணைக்கப் போனபோது, இலக்காக வைத்திருந்த பொருளைவிட, அதைத் தயாரிக்கும் வழியில் கிடைத்த இடைநிலைப் பொருளே பன்மடங்கு வீரியமுள்ளதாக இருந்தது.

இப்படிப் பலர் ஒன்றையே கண்டுபிடிப்பது அபூர்வமன்று. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1961இல் இத்தகைய 264 நிகழ்வுகளைப் பற்றி எழுதினார்: இருவர் கண்டவை 179, மூவர் கண்டவை 51, நால்வர் கண்டவை 17. கண்டுபிடிப்புகளைப் பழங்களாக வைத்துக்கொண்டு, ஆயிரம் ஆப்பிள்கள் தொங்கும் மரத்தில், கண்ணைக் கட்டிக்கொண்ட ஆயிரம் பேர் ஆளுக்கொன்றாகக் கைவைத்தால் என்ன ஆகும் என்று அறிவியல் வரலாற்றாளர் டெரெக் பிரைஸ் 1963இல், தற்செயல் நிகழ்வுகளைக் கணிக்கும் பாய்சான் பரவலைக் கொண்டு கணக்கிட்டார்; இருவர் கை படும் பழங்கள் 184, மூவர் கை படுபவை 61, நால்வர் கை படுபவை 15 என்று வந்தது. மெர்ட்டனின் எண்களோடு இவற்றின் பொருத்தம் வியக்கத்தக்கதுதான்.

இதை வைத்துக்கொண்டு, காலம் கனிந்தால் எந்தக் கண்டுபிடிப்பும் யார் கையிலாவது வந்து விழுந்தே தீரும் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே கணக்கின்படி 368 பழங்களை எவருமே தொடுவதில்லை. இந்த எண்ணை மட்டும் அவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வேறொருவர் முந்திக்கொண்டார் என்று அறிந்து பாதியில் கைவிட்டவர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை என்பதால், மெர்ட்டனின் எண்களே சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனாலும் ஐசோனியசிடையே பாருங்கள். பிராகு நகரில் ஹான்ஸ் மேயரும் யோசெஃப் மாலியும் 1912இலேயே அதைத் தயாரித்து வெளியிட்டுவிட்டார்கள். காசநோய் உலகெங்கும் உயிர்களை வாரிக்கொண்டு போன அடுத்த நாற்பது ஆண்டுகளில் அதைக் கிருமியின் மேல் சோதித்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. மலேரியா மருந்தான குளோரோகுயினின் கதையும் ஏறத்தாழ இதுவே: 1934இல் பேயர் ஆய்வகத்தில் உருவாகி, நச்சுத்தன்மை மிகுந்தது என்று ஒதுக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர்களால்தான் மறுபடியும் மதிப்பறியப்பட்டது.

பழைய சேர்மம் என்பதால் ஐசோனியசிட் மீது மூன்று நிறுவனங்களில் எதுவும் காப்புரிமை கோர முடியவில்லை, மருந்து மலிவாயிற்று. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஐசோனியசிடையும் பாஸ் என்ற மற்றொரு காசநோய் மருந்தையும் வீட்டிலிருந்தே உட்கொண்டவர்கள் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைந்ததை 1959இல் நிறுவியது. இவ்வளவு பயன் தந்த பொருள் ஆராய்ச்சி இதழ் ஒன்றில் நாற்பது ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தது என்றால், ஒரே இலக்கை நோக்கி ஓடும் நான்காவது நிறுவனத்துக்குப் போகும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கையேனும், ஏற்கெனவே தயாரித்துக் கைவிடப்பட்ட சேர்மங்களைப் புதிய நோய்களுக்கு எதிராகச் சோதிப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து.